குட்டியோட சட்டைப் பாக்கெட்

"அப்பா கிட்ட கேட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"கேட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாரு?"

"யோசிக்கிறாரு."

"திங்கக்கிழமையும் யோசிச்சாரு, நேத்தும் யோசிச்சாரு. இவ்ளோ நேரத்துல ஒரு ராக்கெட்டே விட்டிருக்கலாம்டா."

குட்டி கையில இருந்த மெழுகுப் பல்லை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, ஓரத்துல ஒரு மயிரிழை சுரண்டினான். சுரண்ட அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா, அவ மூஞ்சியைப் பாக்காம இருக்கணும்ல, அதுக்கு.

அவன் அப்பா கிட்ட கேட்கவே இல்ல. அதான் விஷயம்.

குட்டிக்கு இருபத்தேழு வயசு. ஆறடி உயரம். வீட்ல நிலைப்படியில தலை இடிக்காம உள்ள வரத் தெரியாது, ஆனா பேரு குட்டி. வேலை, பல் செய்யற லேப்ல. பல் டாக்டருங்க ஆளோட வாயில அச்சு எடுத்து அனுப்புவாங்க, இவங்க அதுல பிளாஸ்டர் மாவைக் கரைச்சு ஊத்தி, மெழுகுல பல்லு செதுக்கி, பீங்கான் பூசி, ஃபர்னஸ்ல சுட்டு, நிஜப் பல்லு மாதிரியே திருப்பி அனுப்புவாங்க. அதுல முன்பல்லுன்னா குட்டிதான். சிரிச்சா தெரியற இடமாச்சே, யார் வேணா கை வெச்சிட முடியுமா. இவன் பண்ற பல்லுல லேசா ஒரு மஞ்சள், நுனியில ஒரு கண்ணாடித்தனம், வேணும்னே ஒரு குட்டிக் கீறல்னு எல்லாம் இருக்கும். பக்கத்துல இருக்கிற நிஜப் பல்லே இதைப் பாத்து, நீயும் இங்கயே பொறந்தவன் தானான்னு கேட்கும்.

டீச்சர் அவன்கூட வேலை பாக்கறவ. பாடம் எல்லாம் எடுத்ததில்ல, எல்லார் வேலையிலயும் தப்பு கண்டுபிடிச்சு சிவப்புப் பேனாவால வட்டம் போடுவா, அதனால அந்தப் பேரு. இவனை விட ஒரு வயசு பெரியவ. மூணாவது ஆள் மாவு அண்ணன். அச்சுல மாவு ஊத்தறது அவரு வேலை. காலையில கருப்பு முடியோட வருவாரு, சாயங்காலம் நரைச்சுப் போய் வீட்டுக்குப் போவாரு.

இப்போ முதலாளி லேப்பை மூடறாரு. மக இருக்கிற ஊருக்குப் போய் அங்கயே இருந்துடப் போறாராம். போறதுக்கு முன்னாடி டீச்சரையும் குட்டியையும் கூப்பிட்டு, "ரெண்டு ஃபர்னஸ், மேசை, என்கிட்ட வேலை குடுக்கற டாக்டருங்க எல்லாரும், மொத்தமா நீங்களே எடுத்துக்கோங்க. பாதி விலைதான். ஆனா சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அட்வான்ஸ் வந்துடணும். இல்லன்னா எதிர் லேப்காரன் ரெடியா நிக்கிறான்"னு சொல்லிட்டாரு. ஆளுக்கு ஆறு மாச சம்பளம். டீச்சர் அன்னைக்கு சாயங்காலமே சரின்னுட்டா. குட்டி, "அப்பா கிட்ட கேட்டுட்டு சொல்றேன்"னான்.

சும்மா வாயில வந்ததுதான். அவனுக்கு அந்த வாக்கியம் மூச்சு விடற மாதிரி. டூருக்கு கூப்பிட்டாங்களா, அப்பா கிட்ட கேட்கணும். புது போனா, அப்பா கிட்ட கேட்கணும். கடன் கேட்டு எவனாவது வந்தானா, அப்பா கிட்ட கேட்கணும், வந்தவன் அதோட போயிடுவான். ரொம்ப வசதியான வாக்கியம்.

ஏன்னா அவங்க வீட்டு வளர்ப்பு அப்படி. பசங்க கையில காசு புழங்கக் கூடாது. சின்ன வயசுல யாராவது சொந்தக்காரங்க கையில நோட்டைத் திணிச்சா, நேரா அம்மா கிட்ட குடுத்துட்டு கையைக் கழுவிட்டு வரணும். வேலைக்குப் போனதும் சம்பளம் வர்ற பேங்க் கார்டை அப்பா அலமாரியில வெச்சிட்டாரு. காலையில அம்மா தேய்ச்சு மாட்டி வெச்ச சட்டையோட பாக்கெட்ல அப்பா நாலா மடிச்ச நோட்டு ரெண்டு மூணு வெச்சிருப்பாரு. குட்டி சட்டையை மாட்டிட்டுப் போவான். எவ்ளோ இருக்குன்னு கூட பாக்க மாட்டான். டீக்கடையில கையை விட்டா வரும், அவ்ளோதான். குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி.

அஞ்சு வருஷமா இதான். லேப்ல யாருக்கும் தெரியாது.

டீச்சர் வீடு நேர் எதிர். அவளுக்குப் பதினஞ்சு வயசு இருக்கறப்போ அவங்கம்மா ஒரு மாசத்து வீட்டுச் செலவுக் காசு மொத்தத்தையும் அவ கையில குடுத்து, "இந்த மாசம் நீ நடத்து"ன்னுட்டாங்களாம். பதினெட்டாம் தேதியே காலி. மிச்ச நாள் பூரா காய் இல்லாம சாப்பிட்டாங்களாம் எல்லாரும். "எங்கம்மா ஒரு வார்த்தை திட்டல தெரியுமா. அந்த வெறும் தட்டுதான் என்னைத் திட்டுச்சு"ன்னு ஒரு தடவை சொன்னா. குட்டி அதைக் கேட்டு, பாவம், கொடுமைக்கார அம்மா போலன்னு நினைச்சுக்கிட்டான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். திங்கக்கிழமை "யோசிக்கிறாரு"ன்னவன், புதன்கிழமை சாயங்காலம் "கொஞ்சம் தயங்கறாரு"ன்னான். வியாழக்கிழமை டீச்சர் விடாம பிடிச்சதும், "அவருக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. வேண்டாம்னு சொல்லிட்டாரு"ன்னுட்டான். சொன்ன உடனே மாவு அண்ணன் வந்து தோள்ல கை போட்டாரு. "விட்றா. சில அப்பாங்க அப்படித்தான், பையனுக்குப் பல்லு முளைச்சு தலை நரைச்சாலும் நம்ப மாட்டாங்க." டீச்சர் அவளோட டீயை இவனுக்குக் குடுத்தா. குட்டிக்கு அந்தப் பரிதாபம் இதமா இருந்துச்சு. வீட்ல அந்த நேரம் அப்பா தேமேன்னு உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருந்திருப்பாரு, தன்னைப் பத்தி இப்படி ஒரு படம் ஓடுதுன்னு தெரியாம.

ஏன் கேட்கல? அப்பா அடிப்பாரா? இல்ல. திட்டுவாரா? அதுவும் இல்ல. கேட்டா ஒருவேளை சரின்னு சொல்லிட்டா? அதான் பயம். சரின்னுட்டா அப்புறம் எல்லாம் இவன் தலையில. தோத்தா இவன் தோத்தது.

வெள்ளிக்கிழமை காலையில அம்மா மாட்டி வெச்ச நீலச் சட்டையில மேல் பட்டன் இல்ல. குட்டி அதைக் கழட்டிப் போட்டுட்டு, அலமாரியில கிடந்த கோடு போட்ட சட்டையை இழுத்து மாட்டிட்டு ஓடிட்டான். பஸ்ஸுக்கு பாஸ் இருக்கு, அதனால வழியில ஒண்ணும் தெரியல. பதினோரு மணி டீக்கு அன்னைக்கு அவன் முறை. கீழ டீக்கடையில நாலு டீ வாங்கிட்டு பாக்கெட்ல கையை விட்டான். வெறும் துணி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பேன்ட்டு, பின்னாடி. அந்த நாலு டீயும் ஆடை கட்டற வரைக்கும் தேடினான்.

"நாளைக்குக் குடு தம்பி, எங்க ஓடிடப் போற"ன்னாரு கடைக்காரர்.

மேல வந்து உக்காந்து அரை மணி நேரம் கூட ஆகல. படியில செருப்புச் சத்தம். அது யாரு செருப்புன்னு தெரிஞ்சதும் குட்டி வாசலைத் திரும்பிப் பாத்தான்.

அப்பா. வேர்த்து விறுவிறுத்து வாசல்ல நிக்கிறாரு. கையில நாலா மடிச்ச நோட்டு.

"குட்டி, காசை நீலச் சட்டையிலயே விட்டுட்டு வந்துட்ட. மத்தியானம் ஏதாவது வேணும்னா என்ன பண்ணுவ, அதான் குடுத்துட்டுப் போலாம்னு." சொல்லிக்கிட்டே வந்து, பழக்க தோஷம், நேரா அவன் சட்டைப் பாக்கெட்லயே சொருகிட்டாரு. லேசா ஒரு தட்டு வேற தட்டினாரு.

மாவு அண்ணன் மாவு கலக்கறதை நிறுத்திட்டாரு. குட்டிக்குக் காது ரெண்டும் ஃபர்னஸ்ல வெச்ச மாதிரி கொதிச்சுது. ஆறடி ஆளு, நாலடிக்குச் சுருங்கி ஸ்டூல்ல உக்காந்திருந்தான்.

டீச்சர்தான் எழுந்தா. கையைத் துடைச்சுக்கிட்டு, "அங்கிள், உக்காருங்க. நானே வீட்டுக்கு வந்து பேசலாம்னு இருந்தேன். கொஞ்சம் மனசு வைங்க அங்கிள்."

"என்னம்மா? எதுக்கு?"

"இந்த லேப் விஷயம்தான். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு சொன்னான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் டைம்."

அப்பா அவளைப் பாத்தாரு. அப்புறம் குட்டியைப் பாத்தாரு. குட்டி குனிஞ்சு மெழுகைச் சுரண்டிக்கிட்டு இருந்தான், பல்லுல பாதி காணாம போயிடுச்சு. அவன் வாயைத் திறந்திருக்கலாம். இல்லப்பா, நான் உங்க கிட்ட கேட்கவே இல்லன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும். சொல்லல.

"ஆமாம்மா," அப்பா மெதுவா சொன்னாரு. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

குட்டி கையில இருந்த மெழுகு உடைஞ்சுது.

"ஏன் அங்கிள்? அவன் வேலையை நீங்க பாத்திருக்கீங்களா?" டீச்சர் மேசையில இருந்து ஒரு அச்சை எடுத்துட்டு வந்தா. மேல் வரிசையில நாலு முன்பல்லு. "இதுல ஒண்ணுதான் இவன் பண்ணது. மத்ததெல்லாம் விழுந்த நிஜப் பல்லு, மாதிரிக்குப் பதிச்சு வெச்சிருக்கோம். எதுன்னு சொல்லுங்க."

அப்பா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பாத்தாரு. ஒவ்வொரு பல்லாத் தொட்டாரு. ரொம்ப நேரம். "தெரியலையேம்மா"ன்னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அஞ்சு வருஷத்துல பையன் என்ன வேலை பாக்கறான்னு அன்னைக்குத்தான் பாக்கறாரு.

மாவு அண்ணன் அதுக்கு மேல சும்மா இருக்கல. "தப்பா எடுத்துக்காதீங்க சார். இவ்ளோ பெரிய ஆளுக்கு பாக்கெட்ல காசு வெச்சு விட்டா, அவன் எப்போ சார் மனுஷன் ஆவான்? உங்களுக்குப் பிடி விட மனசு வரல, அதானே?"

"இருக்கலாம் தம்பி"ன்னாரு அப்பா. அதையும் வாங்கிக்கிட்டாரு. "யோசிச்சுப் பாக்கறேன்."

குட்டி அவர் பின்னாடியே படி இறங்கினான். ரெண்டாவது திருப்பத்துல அப்பா நின்னாரு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு.

"நான் எப்போடா வேண்டாம்னு சொன்னேன்?"

"சொல்லலப்பா."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

குட்டி சுவத்துல இருந்த சுண்ணாம்பை நகத்தால கிள்ளினான். அப்பாவும் அதைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் ரிட்டயர் ஆனப்போ கார்டை உன் பாக்கெட்லதானே வெச்சேன். சாயங்காலம் திருப்பி அலமாரியில வெச்சிட்ட."

ஞாபகம் இல்லாம இருக்குமா. அன்னைக்குக் காலையில பாக்கெட்ல நோட்டோட ஒரு கார்டும் இருந்துச்சு. மத்தியானம் ஏடிஎம் வரைக்கும் போனான். மிஷின் நம்பர் கேட்டுச்சு, எவ்ளோ வேணும்னு கேட்டுச்சு. பின்னாடி மூணு பேர் நின்னாங்க. எவ்ளோ வேணும்? அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியல. கேன்சல் அமுக்கிட்டு வந்துட்டான். சாயங்காலம் கார்டை அலமாரியில வெச்சு, "உங்க கிட்டயே இருக்கட்டும்ப்பா"ன்னான். அம்மா பூரிச்சுப் போய் அத்தைக்கு, சித்திக்குன்னு எல்லாருக்கும் போன் போட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா"ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாங்க. பயந்துட்டு ஓடி வந்ததுக்கு நல்ல பிள்ளைன்னு பட்டம். அதையும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டான்.

"நானும் சும்மா சொல்லக் கூடாது," அப்பா சொன்னாரு, இவனைப் பாக்காம. "நீ திருப்பி வெச்சப்போ மறுபடி குடுத்திருக்கலாம். குடுக்கல. காலையில பாக்கெட்ல வெக்கறது எனக்கும் ஒரு வேலையா இருந்துச்சு. வேற வேலை ஏது எனக்கு." மூக்கைத் தேய்ச்சுக்கிட்டாரு. "போ, வேலை கிடக்கும்."

அவ்ளோதான். திட்டல. திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு குட்டிக்குத் தோணுச்சு.

சனிக்கிழமை காலையில சட்டைப் பாக்கெட்ல நோட்டு இல்ல. கார்டு இருந்துச்சு, பாஸ்புக்கும் இருந்துச்சு. பாதி வெளிய நீட்டிக்கிட்டு.

பேங்க் கவுன்டர்ல இருந்த மேடம் பாஸ்புக்கை மிஷின்ல விட்டாங்க. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கம் திருப்பி, மறுபடி அடிச்சு, மறுபடி திருப்பி.

"அஞ்சு வருஷமா ஒரு தடவை கூட எடுக்கலையேப்பா நீங்க. பூரா வரவு மட்டும்தான். சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" அவங்க சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க.

குட்டி பாஸ்புக்கை வாங்கிப் பாத்தான். ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி அவன் சம்பளம். நடுநடுவுல கொஞ்சம் வட்டி. எடுத்ததா ஒரு வரி கூட இல்ல. அப்போ காலையில பாக்கெட்ல வந்த நோட்டு? வீட்டு வாடகை? அம்மாவோட மாத்திரை?

அப்பாவோட சம்பளம். அப்புறம் அப்பாவோட பென்ஷன்.

இவ்ளோ நாளா தன் சம்பளத்துல வீடு ஓடுதுன்னு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன கெத்து இருந்துச்சு. யார் கிட்டயும் சொல்லாத கெத்து. அது அந்தக் கவுன்டர்லயே கரைஞ்சு போச்சு. டீக்கடையில எல்லாருக்கும் ஸ்டைலா வாங்கிக் குடுத்தானே டீ, அது கூட அப்பா வாங்கிக் குடுத்தது. அந்த மனுஷனைத்தான் நேத்து எல்லார் முன்னாடியும் கஞ்சனா நிக்க விட்டான்.

முதலாளி கணக்குக்கு அவன் பங்கை அனுப்பிட்டு, டீக்கடைக்காரர் காசையும் குடுத்துட்டு, பதினொண்ணரைக்கெல்லாம் லேப்ல இருந்தான். டீச்சர் ஸ்டூல்ல இருந்து எழுந்தே நின்னுட்டா.

"மனசு இறங்கிட்டாரா? நிஜமாவா? எப்படிடா சம்மதிக்க வெச்ச?"

"பேசிப் பாத்தேன்."

இது எங்க இருந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. நாக்கு அதுவா சொல்லிடுச்சு. மாவு அண்ணன் கை குடுத்தாரு, குட்டி கையெல்லாம் வெள்ளை.

டீச்சர் ஒரு பேப்பரை எடுத்து நடுவுல கோடு போட்டா. "டாக்டருங்க கிட்ட பேசறது நான். முன்பல்லு பூரா நீ. காசு மட்டும் மாசா மாசம் மாத்தி மாத்தி பாத்துக்கலாம். இந்த மாசம் நான், அடுத்த மாசம் நீ. சரியா?"

"அதெல்லாம் நீயே வெச்சுக்கோ டீச்சர். எனக்கு செலவுக்கு மட்டும் அப்பப்போ குடுத்தா போதும்."

டீச்சர் சிரிச்சா. "ஏன், தினமும் காலையில பாக்கெட்ல மடிச்சு வெக்கணுமா?"

மாவு அண்ணனும் சிரிச்சாரு. விளையாட்டுக்குத்தான் சொன்னா, குத்தணும்னு இல்ல. ஆனா குட்டி சிரிக்கல. அவன் கை தன்னால சட்டைப் பாக்கெட்டைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு.

"டீச்சர்."

"என்ன?"

"அப்பா வேண்டாம்னு சொல்லவே இல்ல. நான் கேட்கவே இல்ல. நீ கேட்கற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணா அடிச்சு விட்டேன். நேத்து அவரு எனக்காக ஒத்துக்கிட்டாரு. பேசிப் பாத்தேன்னு இப்போ சொன்னதும் பொய்."

சிவப்புப் பேனா அவ கையில அப்படியே நின்னுச்சு. மாவு அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெறும் கிண்ணத்தைக் கலக்க ஆரம்பிச்சிட்டாரு.

"அங்கிள் நம்பர் குடு."

குடுத்தான். அவ வெளிய மாடிப்படிக்குப் போய் பேசினா. அவ பேசினது சரியா கேட்கல. ஒரு தடவை மட்டும் "மன்னிச்சிடுங்க அங்கிள்"னு காதுல விழுந்துச்சு. மன்னிப்பு கேட்க வேண்டியவன் உள்ள உக்காந்திருக்கான், கேட்கறது அவ. குட்டிக்கு அந்த ஸ்டூலுக்கு அடியில புகுந்துடலாம் போல இருந்துச்சு.

திரும்பி வந்து எதிர்ல உக்காந்தா.

"உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'அவனை ஒண்ணும் சொல்லாதம்மா, தப்பு என் மேலதான்'ங்கறாரு. இன்னமும்."

குட்டி கையில ஒட்டியிருந்த மாவைப் பேன்ட்டுல துடைச்சான்.

"பொய் சொன்னதுக்காக எனக்குக் கோவம் இல்ல. எல்லாரும் சொல்றதுதான். ஆனா ஒண்ணு கேட்கறேன். நாளைக்கு நம்ம லேப்ல ஒரு தப்பு நடக்கும். கண்டிப்பா நடக்கும். ஒரு டாக்டர் வந்து கத்துவாரு, காசு ஒரு மாசம் பத்தாமப் போகும். அன்னைக்கு யார் மேல போடுவ? இங்க உங்கப்பா கிடையாது. நான்தான் இருப்பேன்."

"போட மாட்டேன்."

"இப்போ சொல்லுவ." பேப்பரை மடிச்சா, நாலா. "மத்தியானத்துக்குள்ள கட்டணும்ங்கறதுக்காக என் பங்கையும் கட்டிடறேன், லேப் கையை விட்டுப் போகக் கூடாது. ஆனா உன்னைச் சேத்துக்கறதா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா உன் காசைத் திருப்பிக் குடுத்துட்டு வேலைக்கு மட்டும் வெச்சுக்கறதான்னு திங்கக்கிழமை சொல்றேன்."

"உன் இஷ்டம் டீச்சர்"னு சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நிறுத்திக்கிட்டான். அதுவும் அதே மாதிரி வாக்கியம்தானே, எல்லாத்தையும் இன்னொருத்தர் கையில குடுத்துட்டு நல்ல பிள்ளையா நிக்கறது. மூஞ்சி செவந்து போய், தொண்டையைச் செருமிக்கிட்டு, "எனக்கு சேரணும். முதல் மாசக் கணக்கு நானே பாக்கறேன். பதினெட்டாம் தேதி காலியானா காலியாகட்டும்"னான்.

டீச்சர் அவனை ஒரு நிமிஷம் உத்துப் பாத்தா, பல்லுல கீறல் தேடற மாதிரி. "திங்கக்கிழமை"ன்னா. அவ்ளோதான். பேனாவைச் சொருகிக்கிட்டுப் போய் வேலையைப் பாக்க ஆரம்பிச்சிட்டா.

அன்னைக்கு சாயங்காலம் குட்டி வீட்டுக்குப் போறப்போ அப்பா வாசல்ல இருந்தாரு. இவன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுடா"ன்னாரு. குட்டி பாக்கெட்ல இருந்த கார்டைத் தொட்டுப் பாத்துக்கிட்டான், அலமாரிப் பக்கம் போகல. மன்னிப்பு? வாய் வரைக்கும் வந்து நின்னுச்சு. அப்பா ரேடியோவைத் திருகிட்டாரு.

இன்னும் ஞாயித்துக்கிழமை முழுசா பாக்கி இருக்கு. நேர்மையா சொல்லுங்க, டீச்சர் இடத்துல நீங்க இருந்தா, திங்கக்கிழமை காலையில குட்டிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?